சுலோச்சனாவுக்கு ஒரு குறை

ஒத்தப்பனங்குளத்துக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். புத்தி இருந்தது. தேய்ந்துபோகக் கூடாதே என்று எடுத்துப் புழங்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதிலும் உலகம்மையின் மாவு மில்லில் மத்தியானம் கரண்டு போனதும் கூடுகிற நாலு பெண்களுடைய புத்தி புதுக்கருக்குக் கலையாமல் அப்படியே இருந்தது.

மில் உலகம்மைக்குச் சொந்தம். இரைச்சலிலேயே இருந்து பழகியவள் என்பதால் ரகசியத்தைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வாள். மாடத்தி தையல்காரி. எஸ்தர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். சுப்புத்தாய் ஆடு வளர்த்தாள். எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள் வாசிப்பாள், மற்ற மூவரும் நெல்லு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்பார்கள்.

அவர்கள் வாசித்தது மதுரையிலிருந்து வருகிற 'வீட்டுக்குயில்' என்ற மாத இதழ். அதில் வந்த தொடர்கதையின் கதாநாயகி சொதப்பல் சுலோச்சனா. வேலைக்கு நேர்காணல் என்று தப்பான ஆபீசுக்குப் போய், அங்கேயே மூன்று மாதம் வேலை பார்த்துப் பதவி உயர்வும் வாங்கியவள். கண்ணாடி போட்ட ஆண்பிள்ளை யாரைப் பார்த்தாலும் காதலித்துவிடுவாள். அழுதால் மூக்கு மட்டும் சிவக்கும். பாயசத்தில் பெருங்காயம் போட்டுவிட்டு, "புது ருசி" என்று சாதிப்பாள்.

உலகம்மைக்கு அவள்மேல் உயிர். காரணம் இருந்தது. தன் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற போட்டோக்காரர் கழுத்தில் மாலையைப் போட்டவள் உலகம்மை. இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் யாராவது அந்தப் பேச்சை எடுக்காமல் விடுவதில்லை. ஆனால் சுலோச்சனாவைப் படித்த அன்று மட்டும், "இவளுக்கு நாம எவ்வளவோ தேவலை" என்று நிம்மதியாகத் தூங்குவாள்.

அப்பேர்ப்பட்ட சுலோச்சனாவுக்குத்தான் அந்த ஆபத்து வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய போட்டோவில், மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் குடை பிடித்து நின்றவரைப் பார்த்து அவள் சம்மதம் சொல்லியிருந்தாள். மணமேடையில் உட்கார்ந்த பிறகுதான் தாலியை எடுத்துக்கொண்டு நிற்கிறவர் வேறு ஆள் என்று தெரிந்தது. சுலோச்சனா கழுத்தை நீட்டினாள். கெட்டிமேளம் கொட்டியது. 'தொடரும்' என்று முடித்திருந்தார்கள்.

அடுத்த மாதம் அது தொடரவில்லை. எழுதிவந்த அம்மாளுக்கு முதுகுவலி, இனி எழுத மாட்டார் என்று நாலு வரி போட்டிருந்தார்கள்.

மில்லில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று.

"அப்ப அந்தப் பிள்ளை?" என்றாள் உலகம்மை.

"மேடையிலதான் இருக்கு" என்றாள் சுப்புத்தாய்.

"கழுத்தை நீட்டுனபடியேவா?"

"நீட்டுனபடியேதான். மடக்குனதா ஒரு வரியும் இல்லக்கா."

உலகம்மையால் அன்று சோறு இறங்கவில்லை. தன் கழுத்தையும் நீட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே சுளுக்கிக்கொண்டது. மறுநாள் அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். பத்திரிகையின் ஆசிரியை மங்கையர்க்கரசி எடுத்தார்.

"அம்மா, அந்தப் பிள்ளையை முதல்ல எறக்கி விடுங்க!" என்று உலகம்மை தன் வழக்கமான குரலில் சொன்னதும், மங்கையர்க்கரசி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எழுத ஆள் இல்லம்மா. அவ்வளவு அக்கறைன்னா நீங்களே எழுதுங்களேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தார்கள். 'சுலோச்சனா எழுந்தாள்' என்று சுப்புத்தாய் ஆரம்பித்தாள்.

"முகூர்த்த நேரத்துல படக்குன்னு எந்திரிச்சா பெரியவங்க என்ன நினைப்பாக?" என்றாள் எஸ்தர்.

நியாயமாகப் பட்டது. 'பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு எழுந்தாள்' என்று திருத்தினார்கள். படியில் தடுக்கிவிடுவாளே என்று உலகம்மை பயந்தாள். 'படி பார்த்து இறங்கினாள்' என்று சேர்த்தார்கள். வழியில் கண்ணாடி போட்டவன் எவனாவது வந்து தொலைப்பானே என்று மாடத்தி கவலைப்பட்டாள். 'தெருவில் ஆண்பிள்ளை யாரும் இல்லை' என்று எழுதினார்கள். கடைசியில் சுலோச்சனா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, விளக்கேற்றி, சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

போனில் வாசித்துக் காட்டினார்கள்.

"என்னம்மா இது?" என்றார் மங்கையர்க்கரசி. "இவ்வளவு ஒழுங்கான பொண்ணை யாரு படிப்பா? கதாநாயகிக்கு ஒரு குறை வேணும்மா, குறை! அதுவும் பூதக்கண்ணாடியில பார்த்த மாதிரி பெரிய குறை. படிக்கிறவங்க விழுந்து விழுந்து சிரிக்கணும். எங்கயும் போக வேண்டாம், உங்களுக்குள்ளயே தேடிப் பாருங்க."

தேடினார்கள். ஒருத்தி முன்னே ஒருத்தியாக வந்து நிற்க, மற்ற மூவரும் முன்னும் பின்னும் பார்த்தார்கள்.

"மாடத்தி, நீ எனக்குத் தைச்ச சட்டையில ரெண்டு கையும் இடக்கையால்லா இருந்துச்சு?" என்றாள் எஸ்தர்.

"அது குறை இல்ல மதினி. அளவு எடுக்கையில நீங்க திரும்பி நின்னிய."

"ஆமா, நின்னேன்" என்று எஸ்தர் ஒப்புக்கொண்டாள்.

"நான் சத்தமாப் பேசுதேனா?" என்று உலகம்மை கேட்டாள்.

"ஆமா!" என்று எதிர்த்த டீக்கடையிலிருந்து பதில் வந்தது. அங்கே ஏதோ வேறு பேச்சு நடக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

சாயந்திரம் வரை சலித்தும் நாலு பேரிடமும் ஒரு குறைகூட அகப்படவில்லை. நல்லவர்களாகப் பிறந்துவிட்டால் எழுத்தாளராவது கஷ்டம்தான் என்று பெருமூச்சு விட்டார்கள்.

சரி, விழுந்து சிரிக்கிற வேலையையாவது முதலில் பார்ப்போம் என்று மில் வாசலில் விளக்கெண்ணெய் ஊற்றிவைத்தாள் உலகம்மை. தபால்காரர் சுடலைமுத்து வந்தார். அழகாக விழுந்தார். எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டு, வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். டீக்கடையில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நாலு பேரும் தீவிரமாக யோசித்தார்கள்.

"விழுந்தவரு சிரிக்கல" என்றாள் சுப்புத்தாய்.

"சிரிச்சவங்க விழல" என்றாள் மாடத்தி.

"ரெண்டும் ஒரே ஆளுல அமையணும். அதாம்ட்டி நகைச்சுவை எழுதுறது கஷ்டம்னு சொல்லுதாக" என்றாள் உலகம்மை.

குறைக்கு வழி சொன்னது எஸ்தர்தான். "கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை தோறும் குறைதீர் கூட்டம் நடக்குல்லா? ஊர்ப்பட்ட சனம் குறையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வெறுங்கையோட திரும்பி வருது. அப்ப அத்தனை குறையும் அங்கனதானே கிடக்கும்?"

"காலையிலேயே போயிரணும். குறை தீர்ந்துபோயிட்டுன்னா?" என்று மாடத்தி பதறினாள்.

முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். பெண்களுக்கென்று தனி மேஜை போட்டு, நலத்துறை அதிகாரி தமயந்தி உட்கார்ந்திருந்தார். இரக்கமுள்ள மனுஷி.

"சொல்லுங்கம்மா, என்ன குறை?"

"குறை இல்லம்மா. அதுதான் எங்க கஷ்டம்" என்றாள் உலகம்மை. கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "சுலோச்சனாவுக்குத்தான் ஒண்ணு வேணும். பெருசாப் பார்த்துக் குடுங்க."

"சுலோச்சனா யாரு?"

"கல்யாண மேடையில உக்காந்திருக்காம்மா. அவ சம்மதிச்ச ஆளு வேற, தாலி கட்ட வந்திருக்க ஆளு வேற."

தமயந்தி பேனாவைக் கீழே வைத்தார். "கட்டாயக் கல்யாணமா? இன்னிக்கா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கழுத்தை நீட்டுனபடியே இருக்கா" என்று சொல்லும்போதே உலகம்மைக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு மாசமாவா? சாப்பாடு ஏதும் குடுக்காங்களா?"

"சாப்பிட்டதா எங்கயும் வரலையேம்மா."

"இப்ப எங்க இருக்கா அந்தப் பொண்ணு?"

"எங்க மில்லுலதான். மேல் அலமாரியில வச்சிருக்கோம்."

"அலமாரியிலயா?"

"கீழ வச்சா எலி கடிச்சிருதும்மா" என்று சுப்புத்தாய் விளக்கினாள்.

தமயந்தி நாற்காலி சாயும்படி எழுந்தார். ஜீப்பைக் கூப்பிட்டார், ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார், நாலு பேரையும் பின்னால் ஏறச் சொன்னார். ஜீப் பறந்தது.

"இம்புட்டுப் பெரிய குறையா கிடைக்கும்னு நான் நினைக்கல. ஜீப்புலல்லா கொண்டுவாராக!" என்று எஸ்தர் காதோடு சொன்னாள்.

மில் வாசலில் ஜீப் நின்றதும் முதலில் குதித்து ஓடியவர் தமயந்திதான். விளக்கெண்ணெயைத் துடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அம்மாள் வாசலில் கால் வைத்தார். அங்கிருந்து வழுக்கிக்கொண்டே உள்ளே போய் அரிசி மாவுக் குவியலில் உட்கார்ந்தார். தூக்கிவிட ஓடிய போலீஸ்காரர் அதே பாதையில் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாவு அடங்கியதும் இரண்டு வெள்ளை உருவங்களும் நாலு கண்களும் தெரிந்தன.

"பொண்ணு எங்க?" என்றது ஒரு உருவம்.

உலகம்மை பயபக்தியோடு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவர் மடியில் வைத்தாள். "இவதாம்மா."

மேடையில் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தைத் தமயந்தி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க எல்லாரையும் உள்ள தூக்கிப் போடணும்" என்றார் தமயந்தி.

"உள்ளதாம்மா இருக்கோம்" என்றாள் மாடத்தி.

உலகம்மைக்கு ஜெயிலென்றால் பயம்தான். ஆனாலும் சுலோச்சனாவை நினைத்துக்கொண்டு கைகூப்பினாள். "எங்களை என்ன வேணும்னாலும் செய்யுங்க. இந்தப் பிள்ளையை மட்டும் எப்படியாவது எறக்கி விட்டிருங்க. போட்டோவுல குடை பிடிச்சவரைப் பார்த்துச் சரின்னுட்டா. அது ஒரு தப்பாம்மா? ஆளு மாறிப்போறது எல்லாருக்கும் நடக்கதுதானே? நானே போட்டோக்காரருக்கு மாலை போட்டவதான்."

தமயந்தியின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. அடக்கிப் பார்த்தார். "போட்டோக்காரருக்கா?" என்று கேட்டதோடு சரி, சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே எழப் பார்த்தார், வழுக்கி மறுபடி விழுந்தார். விழுந்ததில் இன்னும் சிரிப்பு வந்தது. கைகொடுத்த போலீஸ்காரரும் விழுந்து அவரும் சிரித்தார்.

"ஏட்டி, விழுந்து விழுந்து சிரிக்காகட்டி!" என்று உலகம்மை கத்தினாள். ஓடிப்போய்ப் போனை எடுத்து மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டு, மாவுக் குவியலுக்கு நேராக நீட்டினாள். "கேக்குதாம்மா? கேக்குதா?"

என்ன நடந்தது என்று ஆதியோடந்தமாக விசாரித்துக்கொண்ட மங்கையர்க்கரசி, "ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே எழுதி அனுப்புங்க" என்றார்.

மில்லை மட்டும் மணமண்டபமாக்கி, அப்படியே எழுதினார்கள். மணமண்டபத்துக்கு அதிகாரி அம்மாள் ஜீப்பில் வருகிறார், எண்ணெயில் வழுக்கி மேடைமேல் விழுகிறார். அவர்மேல் போலீஸ்காரர், போலீஸ்காரர்மேல் மாப்பிள்ளை, எல்லோர்மேலும் தவில். தாலி எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது.

புத்தகம் வந்த அன்று சுப்புத்தாய் வாசிக்க வாசிக்க உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளை தப்பிச்சிட்டா. கழுத்தை மடக்கிட்டாளா, பாரு." மடக்கிவிட்டாள் என்று சுப்புத்தாய் உறுதி சொன்னாள்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எஸ்தர் முகம் மட்டும் வாடிப்போயிருந்தது. அவள் சமையல் தெரிந்தவள்.

"கல்யாணம் நின்னு போச்சு, சரி. ஆக்கி வச்ச சாப்பாடு?"

யாரும் இதை யோசிக்கவில்லை. சுப்புத்தாய் அவசரமாகப் புரட்டிப் பார்த்தாள். வடை, பாயசம், மூன்று வகைப் பொரியலுடன் விருந்து தயாராக இருந்தது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

"சாம்பாரு ஊசிப் போயிருமே!" என்று அலறினாள் உலகம்மை.

மில்லைப் பூட்டினார்கள். எஸ்தர் தூக்குவாளிகளை எடுத்தாள், மாடத்தி ஒரு கட்டு வாழையிலை வாங்கிக்கொண்டாள். மதுரை பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து 'வீட்டுக்குயில்' ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்த மங்கையர்க்கரசி வாளிகளையும் இலைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுலோச்சனா கல்யாணச் சாப்பாடு எங்கம்மா இருக்கு?" என்று உலகம்மை கேட்டதில், உள்ளே அச்சுக்கோப்பவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மங்கையர்க்கரசி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ அம்மா, அது கதையில போட்ட சாப்பாடு!"

உலகம்மை மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அப்பவே சொன்னேன்லா, வெரசாக் கிளம்புங்கட்டின்னு. போட்டுட்டாகளாம்."

"ஒரு பந்திதானே ஆயிருக்கும்" என்று சொல்லி, சுப்புத்தாய் வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்ற மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாடத்தி இலை போட்டாள். தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.