வண்டுக்குக் காட்டிய சூடம்

தங்கமுடிக்கு அன்று தலைகால் புரியவில்லை. அக்கா வீட்டுக்காரர் பால்ச்சாமி தன் வீடியோ கேமை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். அதில் வாள்வேந்தன் என்று ஒரு வீரன். இரண்டு வருஷமாகப் பெற்ற பிள்ளையைப் போல் அவர் வளர்த்த ஆள். மிச்சமிருப்பது ஒரே உயிர். அதுவும் போனால் ஆளே அழிந்துவிடுவான். எதிரே குகை வாசலில் யானைப் பருமனுக்கு ஒரு கறுப்பு வண்டு.

"மாப்ளே, எல்லாம் இந்தத் தாள்ல எழுதி வச்சிருக்கேன். அதுல உள்ளபடி செய்யி. உன்னயத்தான் நம்பிப் போறேன்."

உப்பு வாங்கிவரக்கூட அதுவரை யாரும் தங்கமுடியை நம்பியதில்லை. நெகிழ்ந்துபோனான். துணைக்குத் தன் கூட்டாளிகள் ஒச்சுவையும் காசிமாயனையும் கூப்பிட்டான். பிறகு கேட்பானேன்!

முதல் வரி: 'கவசமில்லாமல் வண்டுக்கிட்டப் போகாதே.' ஒச்சு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். காசிமாயன் தலையில் வாளி. தங்கமுடி தலையில் அக்காவின் இட்லிச்சட்டி.

இரண்டாம் வரி: 'அடிபட்டால் உடனே மருந்து குடி.' வண்டு வாள்வேந்தனை ஒரு முட்டு முட்டியது. மூவரும் ஆளுக்கொரு மூடி இருமல் மருந்து குடித்தார்கள். ஐந்தாவது முட்டில் பாட்டில் காலி. அங்கே வீரனுக்கு மூச்சு இழுத்தது, இங்கே இவர்களுக்குக் கண் சொக்கியது.

மூன்றாம் வரி: 'நெருப்பைக் காட்டு, வண்டு அடங்கும்.' காசிமாயன் தட்டில் சூடம் ஏற்றி டிவிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினான். ஒச்சு மணியடித்தான். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றக் குனிந்த தங்கமுடியின் முழங்கை நிறுத்தும் பொத்தானில் பட்டு ஆட்டம் அப்படியே நின்றது. வண்டும் அசையாமல் நின்றது.

"அடங்கிருச்சுடா!"

நான்காம் வரி: 'அடங்கியதும் ஒரே வெட்டு.'

ஒச்சு யோசித்தான். "சூடம் காட்டியாச்சு. இனிமே அது சாமி. சாமிய வெட்டலாமா?"

"வெட்டணும்னு எழுதியிருக்குல்ல?" என்றான் காசிமாயன்.

"வெட்டணும்னுதான் எழுதியிருக்கு. யார வெட்டணும்னு எழுதலயே."

தங்கமுடி தடுத்தான். "ஐயோ, வாள்வேந்தனையா? மச்சான் கேட்டா என்னடா சொல்ல?"

"சாமிக்குத்தானடா பலி குடுக்குறோம்? அவருக்குத்தான் புண்ணியம்."

அது நியாயமாகப் பட்டது. ஆட்டத்தைத் தொடரவிட்டு, வாள்வேந்தனை வாளைக் கீழே போட வைத்து மண்டியிட வைத்தார்கள். வண்டு கொம்பை வீசியது. ஒரே வெட்டு. எழுதியபடியே எல்லாம் நடந்ததில் மூவருக்கும் பரம திருப்தி.

பால்ச்சாமி கல்யாணச் சாப்பாட்டுத் தெம்போடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். வெறும் குகையும் வண்டும்தான் இருந்தன. அவருக்குக் கண் சிவந்தது, கை கால் உதறியது. திட்ட வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. "ங்ங்ங்ங்..." என்ற சத்தம்தான் வந்தது.

"வண்டு சாமி எறங்கிருச்சுடா! வேப்பிலை கொண்டா!" என்று கத்தினான் காசிமாயன்.

தங்கமுடி நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான்.

"சாமி, மச்சான் வர்றதுக்குள்ள வாள்வேந்தனத் திருப்பிக் குடுத்துரு சாமி! அந்தாளு ரொம்பக் கோவக்காரரு!"