விழுவதற்கென்று ஒரு விமானம்

“டீச்சர், நான் இத்தோட இதை விட்டுருதேன்” என்றார் ஆவுடையப்பன்.

“எதை?”

“விமானம் கட்டுறதை.”

அந்த விமானம் அவர் காலடியில் நின்றது. இரண்டு பேர் அமரும் பழைய பயிற்சி விமானம் ஒன்றின் மாதிரி; அசலில் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே பால்சா என்ற எடை குறைந்த மரத்தில் சட்டங்கள், அவற்றின் மேல் பால்சாத் தகடு, அதற்கும் மேல் ஃபைபர் கிளாஸ் துணியும் பிசினும். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் வண்ணம்.

அன்று காலை அது ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. தரையை விட்டு ஒரு விரல்கூட எழவில்லை. கடைசியில் ஆடுகளுக்கு நடுவே போய் நின்றது.

“அண்ணாச்சி, இது பஸ்ஸா?” என்று கேட்டான் இன்பராஜ். அவனும் அங்கே பறக்கவிட வருகிறவன். “டிக்கெட் எடுத்தா கோவில்பட்டியில எறக்கி விடுமா?”

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

கயத்தாறுப் பக்கத்தில், போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுதளம் அது. சுற்றிலும் காற்றாலைகள். ரெஜினா டீச்சர் வார நாட்களில் பள்ளியில் பூகோளம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து, ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களைக் கட்டவும் பறக்கவிடவும் சொல்லிக் கொடுப்பார். ஆவுடையப்பனைவிட வயதில் மிகவும் சிறியவர்.

ஆவுடையப்பன் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். ஒரு பாலத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் விரிசல்தான் அவர் கண்ணில் படும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் அதேதான். எந்தத் தூண், எந்த மழையில், எந்தப் பேருந்து மேலே போகும்போது.

பால்சாவை அறுக்கும் நேரத்தில் மட்டும் அந்த நினைப்பு வராமல் இருந்தது. அறுத்த நாட்களில் தூக்கமும் வந்தது. இரண்டு விமானங்கள் விழுந்து நொறுங்கியபின் அதுவும் போயிற்று. முழு மரத்தைக் கையில் எடுத்தாலும் அவருக்கு உடைந்த மரமே தெரிந்தது.

“விட்டுட்டு என்ன செய்யப் போறீங்க?” என்றார் டீச்சர்.

“தெரியல.”

“தூக்கம்?”

“மாத்திரைதான்.”

டீச்சர் குனிந்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இறக்கைகளுக்கு அடியில் கொடுத்து விமானத்தைத் தூக்க முயன்றார். விரல்கள் வளைந்தன. கீழே வைத்துவிட்டார்.

“மூக்குல என்ன வச்சிருக்கீங்க?”

“ஈயம்.”

“எதுக்கு?”

“வால் கனமாயிருச்சு. சமன் பண்ணணும்ல?”

“வால் ஏன் கனமாச்சு?”

“துணி மூணு அடுக்கு ஒட்டியிருக்கேன். மொத விமானம் வால்லதான் உடைஞ்சது.”

“வயித்துல?”

“அங்கயும் மூணு. ரெண்டாவது விமானம் வயிறு அடிச்சுத்தான் போச்சு.”

டீச்சர் இறக்கையைத் தட்டினார். கதவைத் தட்டியதுபோலச் சத்தம் கேட்டது.

“இங்க?”

“நாலு.”

“இறக்கை எப்ப உடைஞ்சது?”

“இன்னும் உடையல.”

“பின்ன?”

“உடைஞ்சிரக் கூடாதுல்ல, டீச்சர்?”

இன்பராஜ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். புரையேறியது.

“பாலத்துக்கெல்லாம் இப்படித்தான்” என்றார் ஆவுடையப்பன், அவன் பக்கம் திரும்பி. “என்னவெல்லாம் நடக்கக் கூடாதோ அதையெல்லாம் நெனைச்சுப் பாத்துட்டு, அதுக்கு மேல கொஞ்சம் கூட்டிப் போடணும்.”

“நல்லவேளை அண்ணாச்சி, பாலம் எந்திரிச்சுப் போக வேண்டியதில்ல.”

டீச்சர் நிமிர்ந்து கைகளைத் தட்டிக்கொண்டார்.

“விட்டுருங்க. ஆனா விடுறதுக்கு முன்னால ஒண்ணு கட்டிக் கொண்டாங்க.”

“இன்னொண்ணா?”

“ஆமா. இதே வரைபடம், இதே அளவு. கீழ விழுறதுக்குன்னே ஒண்ணு.”

“விழுறதுக்கா?”

“கொண்டு வந்து, மேல ஏத்தி, நீங்களே கீழ போடணும். வேடிக்கை பாக்க நாங்க இருக்கோம்.”

ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

“மோட்டார், ரேடியோ எல்லாம் இதுல இருந்துதான் கழட்டணும். அதுவும் உடையுமே?”

“விழுந்தா உடையும்.”

“எப்ப கொண்டாரணும்?”

“ஆடிக் காத்து அடங்கட்டும். ஆவணியில கொண்டாங்க.”



“விழுறதுக்கு யாராவது விமானம் செய்வாங்களா?” என்று கேட்டாள் அவர் மனைவி கோமு.

“டீச்சர் சொல்லிட்டாங்க.”

“அப்ப நல்லா விழுற மாதிரி செய்யுங்க. அதையாவது ஒழுங்காச் செஞ்சோம்னு இருக்கும்.”

அவர் மஞ்சள் விமானத்தைப் பிரித்து மோட்டாரை எடுத்தார். மேசைமேல் பழைய வரைபடத்தையே விரித்தார்.

முதல் சட்டத்தை அறுத்ததும் வழக்கம்போலக் கை நின்றது. இது எங்கே உடையும்?

எங்கே வேண்டுமானாலும் உடையும். உடையத்தானே செய்கிறோம்.

அறுத்தார்.

தடித்த பால்சாவை வாங்கக் கடைக்குப் போகவில்லை. மிச்சம் கிடந்த மெல்லிய தகடுகளே போதும் என்று பட்டது. சட்டங்களில் படத்தில் உள்ளபடி ஓட்டைகள் போட்டார். சென்ற முறை அந்த ஓட்டைகளை அவர் போடவே இல்லை. துணியிலும் மிகவும் மெல்லியதை எடுத்தார். விரித்தால் கீழே இருக்கும் மரத்தின் ரேகை தெரிந்தது. எங்கும் ஒரே ஓர் அடுக்கு. பிசின் டப்பாவில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் இருந்தது. பழைய பிளாஸ்டிக் அட்டையால் அதை இழுத்துத் தேய்த்து, அதிகமானதை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து அடுத்த பக்கத்துக்குப் பயன்படுத்தினார்.

ஒற்றி எடுக்கச் சொல்லி டீச்சர் முன்பும் பலமுறை சொல்லியிருக்கிறார். பிசின் அதிகம் இருந்தால் பலம்தானே என்று இவர் ஒற்றாமல் விட்டிருந்தார்.

பிசின் காய்ந்தபின் ஊசி முனையில் பசையைத் தொட்டு, அசல் விமானத்தில் தெரியும் ஆணித்தலைகளைப் போல உடல் நெடுகிலும் புள்ளி புள்ளியாக வைக்கத் தொடங்கினார்.

கோமு காபியோடு வந்து நின்றாள்.

“விழப் போறதுக்கு ஆணி வேறயா?”

“அழகா இருக்கட்டுமே.”

“நேத்துக் குறட்டை விட்டீங்க, தெரியுமா?”

“நானா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா? எவ்வளவு நாளாச்சு அந்தச் சத்தம் கேட்டு! எழுப்ப மனசு வரல.”

அவர் அடுத்த புள்ளியை வைத்தார்.



ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார்.

வண்ணம் பூசவில்லை. துணிக்கு அடியில் மரம் வெண்ணெய் நிறத்தில் தெரிந்தது.

டீச்சர் இரண்டு விரல்களை இறக்கைகளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். விமானம் அசையாமல் சமமாக நின்றது.

“ஈயம் எங்க?”

“தேவைப்படல.”

“வால்ல எத்தனை அடுக்கு?”

“ஒண்ணு.”

“இறக்கையில?”

“ஒண்ணுதான்.”

“ஏன்?”

“விழப் போறதுதானே, டீச்சர்.”

டீச்சர் ஓடுதளத்தில் ஆடுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்.

“அதே படமா, அண்ணாச்சி?” என்றான் இன்பராஜ். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தான். “ஆணியெல்லாம் வச்சிருக்கீங்க! இதையா போட்டு உடைக்கப் போறீங்க? டீச்சர், இது பாவம்.”

“அவங்க விமானம். அவங்க இஷ்டம்” என்றார் டீச்சர். “பனை மரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல. மேல ஏத்தி, அங்க கொண்டு போய்ப் போடுங்க.”

ஆவுடையப்பன் ரேடியோ ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சுக்கான் அசைகிறதா, இறக்கை மடிப்புகள் சரியான பக்கம் தூக்குகின்றனவா என்று பார்த்தார். காற்றுக்கு எதிராக விமானத்தை நிறுத்தினார். இதற்குமுன் இந்த இடத்தில் அவர் உள்ளங்கை வியர்த்துவிடும். இன்று வியர்க்கவில்லை. எப்படியும் விழப்போவது.

மோட்டாரை முடுக்கினார்.

ஓடுதளத்தில் கால்பங்கைத் தாண்டியிருக்காது. சக்கரங்களுக்குக் கீழே நிழல் விலகியது.

“டீச்சர்!”

“ம்.”

“ஏறிருச்சு!”

“ஏறாம எப்படி விழும்? ஏத்துங்க.”

விமானம் ஏறியது. காற்றாலைகளின் பக்கம் போய், மெல்லச் சாய்ந்து திரும்பியது. வெயில் இறக்கையில் பட்டபோது உள்ளே இருந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவர் அறுத்த ஓட்டைகளும் தெரிந்தன.

இன்பராஜ் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தான்.

“சரி, உயரம் போதும்” என்றார் டீச்சர். “விழ வையுங்க.”

ஆவுடையப்பன் மோட்டாரை நிறுத்தினார்.

சத்தம் அடங்கியது. விமானம் விழவில்லை. காற்றில் சாய்ந்து படுத்ததுபோல அப்படியே வந்துகொண்டிருந்தது. பனை மரங்களைத் தாண்டி, ஆடுகளைத் தாண்டி, அவர்கள் தலைக்கு மேலாக, சத்தமே இல்லாமல்.

“விழ மாட்டுக்கு, டீச்சர்.”

“முன்னால தள்ளுங்க. மூக்கு கீழ போகும்.”

அவர் கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியின்மேல் இருந்தது. தள்ளினால் போதும். என்ன ஆகும் என்று மனதில் பார்க்க முயன்றார். வால் தெறிப்பது, வயிறு பிளப்பது, எல்லாம் அவருக்குப் பழக்கமான படங்கள். ஒன்றும் வரவில்லை. மேலே விமானம் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

விமானம் தாழ்ந்து வந்தது. அவர் மோட்டாரை மறுபடி முடுக்கினார்.

“என்ன அண்ணாச்சி?”

“ஒரு சுத்து சுத்திட்டுத் தள்ளுதேன்.”

“சரி” என்றார் டீச்சர். காரின் நிழலில் போய் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். இன்பராஜையும் கூப்பிட்டு அவன் கையில் இரண்டு இட்லி வைத்தார்.

இருவரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள்.

“விழுந்துருச்சா?” என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார் டீச்சர்.

ஆவுடையப்பன் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் ஒரே ஒரு சுத்து, டீச்சர்!”