தனி அடுப்பு வைத்த உபதேசியார்

அன்று உப்போடை ஜெபக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பனையேறி இஸ்ரவேல். அவர் மனைவி ஞானப்பூ. இஸ்ரவேலின் தகப்பனார், கண் தெரியாத சீமோன். இஸ்ரவேலின் மகள், பல் விழுந்த சிறுமி. பக்கத்து வீட்டு விதவை சந்தோசம்மாள். ஆக ஐந்து பேர். சந்தோசம்மாளின் ஆடு வாசலில் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எதிரே நின்று ஜெபம் சொன்னவர் வேதமுத்து உபதேசியார்.

கேட்கிறவர்களே, இது சிவந்த மணல் தேரியில் பாதை போடாத காலத்துக் கதை. அந்தத் தேரியில் மூன்று ஊர்கள் இருந்தன. கள்ளியூர், நடுத்தேரி, உப்போடை. உபதேசியார் ஒவ்வொரு ஊரிலும் மூன்று நாள் தங்குவார். ஒன்பது நாளில் ஒரு சுற்று முடியும். மறுநாள் அடுத்த சுற்று தொடங்கும். இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தார். சொந்த வீடு இல்லை. மனைவி மக்கள் இல்லை. துணைக்கு வந்தது அவர் நிழல் ஒன்றுதான்.

அவர் தோள்பையில் மூன்று பொருள்கள் உண்டு. ஒரு பாய். ஒரு சிறு மூட்டை அரிசி. தண்ணீர் இறைக்கவும் கொண்டுபோகவும் கயிறு கட்டிய ஒரு மண்தோண்டி. எந்த ஊருக்குப் போனாலும் தாமே கிணற்றில் இறைப்பார். உடைமரத்தடியில் மூன்று கல் வைத்து அந்தத் தோண்டியிலேயே தாமே பொங்குவார். தாமே சாப்பிடுவார். அவர் சோற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்க ஒருவரும் இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது அவர்கள் வீட்டுக்கு ஒரு உபதேசியார் வந்து சாப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது கஞ்சித் தண்ணீர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வேதமுத்து அதை மறக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பங்கில் கை வைப்பதில்லை என்று கர்த்தரிடம் பொருத்தனை செய்துகொண்டார். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. யாராவது கூழ் கொண்டுவந்தால், "ஆயிற்று அம்மா" என்பார். மோர் கொண்டுவந்தாலும் அதே பதில்தான்.

உப்போடையில் முதலில் இருபத்தேழு பேர் ஜெபத்துக்கு வந்தார்கள். அது பத்தொன்பது ஆயிற்று. பிரசங்கம் நீளம் போலிருக்கிறது என்று பாதியாகக் குறைத்தார். பன்னிரண்டு ஆயிற்று. பாட்டு போதவில்லை என்று மூன்று புதுப் பாட்டுகள் சொல்லிக் கொடுத்தார். ஐந்து ஆயிற்று. தம்முடைய ஜெபத்தில்தான் குறை என்று எண்ணி மூன்று நாள் உபவாசம் இருந்தார். அந்த மூன்று நாளில் சந்தோசம்மாள் ஆசையாய்க் கொண்டுவந்த பதநீரையும் திருப்பி அனுப்பினார். அந்த ஐந்தாவது ஆளும் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் அன்று உட்கார்ந்திருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் இஸ்ரவேல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மழைக்கு முன்னே ஊரார் கூடி, கூடத்துக்குப் பனையோலை வேய்வது வழக்கம். இந்த ஆண்டு வேய ஆள் இல்லை என்றார். பழைய ஓலை ஒரு மழை தாங்காது என்றார். அடுத்த சுற்றில் ஐயா உப்போடையை விட்டுவிடலாம், வீண் நடை எதற்கு என்றார். ஏன் என்று உபதேசியார் கேட்டதற்கு, எல்லாருக்கும் மரத்து வேலை அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு மரத்துக்குப் போய்விட்டார்.

உபதேசியார் பையை எடுத்துக்கொண்டு தேரியில் ஏறினார். மணல் சுட்டது. வழக்கம்போல் பனைகளை எண்ணிக்கொண்டே நடந்தார். அன்று மனம் எண்ணிக்கையில் நிற்கவில்லை. எழுபத்தொன்றாம் பனைக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட ஒரு அடிமரம் காலை இடறியது. விழுந்தார். தோண்டி உடைந்தது. தண்ணீரை மணல் குடித்துவிட்டது.

கள்ளியூர் தூரம். திரும்பி உப்போடைக் கிணற்றுக்கு வந்தார். உச்சிப்பொழுது, அங்கே ஒருவரும் இல்லை. கிணறு ஆழம். கையில் கயிறு இருந்தது, மொள்ளத் தோண்டி இல்லை. எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீரும் தண்ணீரில் அவர் தலையும் தெரிந்தன.

கிணற்றுக்கு அடுத்த வீடு ஞானப்பூவின் வீடு. வாசலில் போய் நின்றார். முதல் தடவை வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. இரண்டாம் தடவை, இஸ்ரவேல் இருக்கிறாரா என்று கேட்டார். இன்னும் மரத்திலிருந்து வரவில்லை என்றாள். மூன்றாம் தடவைதான் கேட்டார்.

"கொஞ்சம் தண்ணீர் தாங்கம்மா."

ஞானப்பூ அசையவில்லை. "எங்க பானைத் தண்ணியா ஐயா? உங்களுக்கு ஆகுமா?"

அவருக்கு விளங்கவில்லை.

"பன்னிரண்டு வருஷமா வாறீங்க. எங்க வாசலுக்கு எதிரே கல்லு கூட்டித் தனியாப் பொங்குறீங்க. நாம எல்லாரும் ஒரே வீட்டாருன்னு பிரசங்கம் பண்ணுறீங்க. ஒரே வீட்டுக்குள்ள எப்போ ஐயா தனி அடுப்பு வைப்பாங்க? பாகம் பிரிஞ்ச பிறகுதானே? எங்க கைத்தண்ணி வாங்காத பெரிய வீட்டுக்காரங்க இந்தப் பக்கம் நிறையப் பேரு உண்டு. உங்களையும் அதுல ஒருத்தர்னு எண்ணிக்கிட்டோம். வீட்டுக்கு வீடு இதுதான் பேச்சு. மரத்து வேலைன்னு அவுக சொன்னது மரியாதைக்கு."

பன்னிரண்டு ஆண்டுகளாக அன்பு என்று எண்ணிச் செய்ததெல்லாம் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று உபதேசியார் அப்போதுதான் கண்டார். அம்மா பட்டினி கிடந்ததையும் பொருத்தனையையும் சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார்.

ஞானப்பூ, "இதை ஒரு நாளும் சொல்லலியே ஐயா" என்றாள்.

உள்ளேயிருந்து சீமோன் சிரித்தார். "ஏ பிள்ள, தண்ணியக் குடு முதல்ல. ஆண்டவருக்கே கிணத்தடியில மொள்ளத் தோண்டி இல்லாமத்தான் இருந்தது. தண்ணி மொள்ள வந்த வேற சாதிப் பொம்பளகிட்ட அவரு கேட்டு வாங்கினாரு. நம்ம ஐயா அவரைவிடப் பெரிய ஆளாச்சே, அதான் இத்தனை வருஷம் ஆச்சு."

அவள் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் தண்ணீர் ஊற்றினாள். மூன்று பட்டை குடித்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

அதற்குள் இஸ்ரவேல் மரத்திலிருந்து வந்துவிட்டார். தம் வீட்டுக்குள் உபதேசியார் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அரிவாள் பெட்டியை மூலையில் வைத்து, கால் கழுவி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஞானப்பூ பானையை இறக்கினாள். ஓலைக் கொழுக்கட்டை, பன்னிரண்டு. வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு மூன்று. உபதேசியார் கணக்குப் பார்த்துவிட்டார். சிறுமியைப் பார்த்தார். எழுந்து போய்விடக் கால் துடித்தது. பொருத்தனை பண்ணினவர் அல்லவா. ஆனால் இப்போது எழுந்தால் இந்த வாசலுக்கு இனி வரவே முடியாது என்பதும் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எனக்கும் ஒன்று கொடம்மா. பசிக்கிறது."

ஞானப்பூ பனையோலையில் அவருக்கும் ஒரு இலை போட்டாள். சிறுமி தன் பங்கில் ஒன்றை எடுத்து அதில் வைத்தாள். "எனக்கு ரெண்டு போதும். பல்லு இல்ல" என்றாள். எனக்கு ஒரு பல்லுகூட இல்லையே என்று சீமோனும் ஒன்று வைத்தார். இஸ்ரவேல் ஒன்று வைத்தார். ஞானப்பூ ஒன்று வைத்தாள். உபதேசியார் இலையில் நான்கு சேர்ந்தன. அவர் இரண்டை வைத்துக்கொண்டு இரண்டை நடுவில் தள்ளினார்.

சாப்பிடும்போது ஞானப்பூ, இனிப்பு போதுமா ஐயா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

கை கழுவும்போது இஸ்ரவேல் சொன்னார். "நாளைக்கு ஓலை கழிக்க ஏறுதேன் ஐயா. பத்து மரத்து ஓலை போதும். மத்தவங்க வாறதும் வராததும் அவங்க பாடு."

அந்த ஆண்டு கூடம் வேயப்பட்டது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் குறை ஒரு பகலில் தீராது. உபதேசியார் பிறகும் தேரியில் தனியாகத்தான் நடந்தார். ஆனால் மூன்று ஊரிலும் அவர் அடுப்பு மூட்டவில்லை. அரிசி மூட்டையைப் போகிற வீட்டுப் பானையில் கொட்டி, அந்த வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆகையால், கர்த்தருக்காக ஊர் ஊராய்ப் போகிறவன் கொடுக்கக் கற்றால் மட்டும் போதாது, தாழ்மையோடு கேட்டு வாங்கவும் கற்க வேண்டும்.

அன்று நடுவில் தள்ளிய கொழுக்கட்டையை அடுத்தவர் எடுக்கட்டும் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டார்கள். ஐந்து பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் இருந்தவை இரண்டு.