மல்லித்தழையின் மகிமை பேசிய நரி

ஒரு காட்டில், எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறக்கும் முன்பே நடுங்குகிற பெண் முயல் ஒன்று இருந்தது. அதன் வளையைச் சுற்றிக் கொத்தமல்லித்தழை தளதளவென்று வளர்ந்திருந்தது.

காய்ச்சலில் கிடந்து எழுந்த சிங்கராஜாவுக்கு நாக்கில் ருசியே இல்லை. காற்றில் வந்த மல்லி வாசனை மட்டும் பிடித்துப்போனது.

"அதை எப்படிச் சாப்பிடுவது என்று வந்து சொல். தப்பாகச் சொன்னால் தழையோடு உன்னையும் தின்றுவிடுவேன்" என்று முயலுக்குச் சொல்லி அனுப்பியது.

முயல் ஒரு கட்டுத் தழையோடு போய் நின்றது. "மகாராஜா, ரசத்தை இறக்கின பிறகுதான் போட வேண்டும். கொதித்தால் வாசனை போய்விடும். துவையல் என்றால் காம்பையும் சேர்த்து அரைக்கலாம். அப்படித்தான் என்று நினைக்கிறேன்."

"மகாராஜா ரசமா வைக்கப் போகிறார்?" என்று சிரித்தது அமைச்சர் நரி. எதைப் பற்றியும் பேசும் நரி அது. தெரியாத விஷயம் என்றால் கொஞ்சம் அதிகமாகவே பேசும். "இஞ்சியோடு அரைத்துக் கறியில் தடவி, அரைநாள் ஊறவிட வேண்டும். இளங்கறி என்றால் இன்னும் விசேஷம்."

நரி முயலைப் பார்த்தது. சிங்கமும் பார்த்தது.

முயல் தழைக்கட்டை நரியின் பக்கம் நகர்த்தியது. "நான் படிக்காதவள். நரி அண்ணனுக்குத்தான் எல்லாம் தெரியும். தினமும் சாப்பிடுவார் போல. உடம்பில் என்ன மினுமினுப்பு."

நரி பிறந்ததிலிருந்து ஒரு தழையையும் கடித்ததில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல அதற்கு மனம் வருமா?

"பின்னே? காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு. கண்ணுக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லது, ரத்தம் ஊறும். பத்து வருஷப் பழக்கம்."

"அப்படியானால் வாசனை உடம்பெல்லாம் இறங்கியிருக்குமே, அண்ணா?"

"எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது, முயலம்மா. இந்தக் காட்டில் என்னைப் போல இன்னொருவன் கிடையாது."

சிங்கம் எழுந்து சோம்பல் முறித்தது. "அரைநாள் ஊறினாலே ருசி என்றாய். நீ பத்து வருஷம் ஊறியிருக்கிறாய்."

"மகாராஜா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. நான் மல்லியை மோந்துகூடப் பார்த்ததில்லை."

"தின்று பார்த்தால் தெரிந்துவிடும்" என்றது சிங்கம்.

தின்று முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. "மல்லியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுத்தப் பொய்யன்." பிறகு மெல்லத் திரும்பியது. "ஏன் முயலே, நீ தினமும் இதைத் தின்பாயோ?"

"எனக்கு அது ஒத்துக்கொள்ளாது, மகாராஜா. வாயில் வைத்தாலே உடம்பெல்லாம் தடிக்கும்" என்று சொல்லிவிட்டு முயல் பின்னோக்கியே நடந்து வெளியேறியது.

நேராக வளைக்குப் போகவில்லை. ஆடுகூட வாய் வைக்காத ஆடாதோடைப் புதருக்கு ஓடி, அந்தக் கசப்பு இலையைக் கசக்கிக் காது முதல் வால் வரை பூசிக்கொண்டது. போதுமோ போதாதோ என்று பயந்து, இன்னொரு முறையும் பூசிக்கொண்டது.

நீதி: பசியோடு இருப்பவன் முன்னால் உன் ருசியை நீயே புகழாதே.