கல்லோடு ஓடுகிறவள்

சுகிர்தா நான்கு முறை மாகாண சாம்பியன். இருபது கிலோ கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கவிட்டு, தொலைவில் இருக்கும் வட்டத்துக்குள் நிறுத்துகிற கர்லிங் ஆட்டத்தில் அவள் ஸ்கிப், அதாவது தலைவி. வட்டத்தில் நின்று இடம் காட்டுவாள். ஒருத்தி கல்லை விடுவாள். இரண்டு பேர் துடைப்பத்தோடு கல்லுக்கு முன்னால் ஓடுவார்கள். தலைவி "தேய்" என்றால் பனியைத் தேய்க்க வேண்டும்; தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும். "விடு" என்றால் தேய்ப்பதை நிறுத்த வேண்டும்.

இவ்வளவுதான் வேலை. இது கூட அணியில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லையே என்பதுதான் சுகிர்தாவின் வயிற்றெரிச்சல்.

மூன்று வருடமாகக் கிண்ணம் இல்லை. இரண்டு முறை ஆளை மாற்றியும் பார்த்துவிட்டாள். மாகாணப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கையில் இன்னோர் ஆட்டமும் கைவிட்டுப் போனது. உடைமாற்றும் அறையில் அவளுடைய அணிப் பெண்கள் மூவரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இனி வரமாட்டோம் என்று ஒருத்தி சொன்னாள். மற்ற இருவரும் சப்பாத்து நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சுகிர்தா பிலோமினாவைத் தேடிப் போனாள்.

பிலோமினா ஐந்து வயது இளையவள். இருவரும் வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை செய்த காலத்தில் சுகிர்தாவுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கியவள். அதனால் சுகிர்தா அவளை விளையாட்டாக ரீச்சர் என்று கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. ஏழு வருடம் சுகிர்தாவின் அணியில் துடைப்பம் பிடித்தாள். பிறகு, சரிவராது என்று சுகிர்தாவே அவளை நிறுத்தினாள். இப்போது ஒரு சின்ன அரங்கில் பனித்தரை போடுகிறாள்.

முதுகில் தண்ணீர்த் தாங்கியோடு, பின்பக்கமாக நடந்தபடி, தரையில் துளி தெளித்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா கரையோரமாகக் கூடவே நடந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"சொன்னதைச் செய்யிற மூண்டு பேரை நான் எங்க போய்த் தேடுறது, ரீச்சர்?"

பிலோமினா தரையின் கடைசி மூலை வரை தெளித்து முடித்தாள். தாங்கியை இறக்கிவைத்துவிட்டு, சனிக்கிழமை காலை தன் அணியில் துடைப்பம் பிடிக்க ஆள் இல்லை என்றாள்.

"நான் கேட்டது வேற."

"ஒன்பது மணிக்கு வாங்கோ அக்கா."

சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனாள்.

சனிக்கிழமை பிலோமினா தலைவியாக வட்டத்தில் நின்றாள். சுகிர்தா பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கல்லின் பக்கத்தில் ஓடினாள். முதல் கல் புறப்பட்டதுமே அதன் விசை அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேகம் கூடிவிட்டது, தேய்க்கத் தேவையில்லை என்று கத்தினாள். பிலோமினா "தேய்" என்றாள். தேய்த்தாள். கல் வட்டத்தைத் தாண்டி ஓடிப்போய்ப் பின்சுவரில் முட்டியது.

இரண்டாவது கல்லும் அப்படியே. மூன்றாவது கல் வேகம் போதாமல் இழுத்துக்கொண்டு வந்தது. தேய்க்கவேண்டும் என்று சுகிர்தா கத்த, "விடு" என்றாள் பிலோமினா. கல் பாதியில் நின்றது.

சுகிர்தா துடைப்பத்தை எறிந்துவிட்டு வட்டத்துக்கு நேரே போனாள்.

"நான் தொண்டை கிழியக் கத்துறன். உங்களுக்குக் கேக்கேல்லையா?"

"கேட்டது அக்கா."

"நாப்பது மீற்றர் தள்ளி நிண்டுகொண்டு அதின்ர வேகம் உங்களுக்கு என்னெண்டு தெரியும்? நாங்கள்தானே கல்லோட ஓடி..."

வாய் அங்கேயே நின்றது. பிலோமினா குனிந்து அடுத்த கல்லுக்கு இடம் காட்டினாள்.

சுகிர்தா துடைப்பத்தைப் பொறுக்கி எடுத்துவந்து மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தாள். அணி தோற்றது.

அடுத்த வாரம் மூவரையும் ஒவ்வொருத்தியாக வீட்டில் போய்ப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள். ஒருத்தி தேநீர் கூடக் கொடுக்கவில்லை. மாகாணப் போட்டிக்கு மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே இறுதியாட்டத்தின் கடைசிச் சுற்றில், கல் பாதி தூரம் வந்திருந்தபோது, சுகிர்தாவுக்கு "விடு" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "வேகம் காணாது, காணாது" என்று கத்திக்கொண்டு இருவரும் தாங்களாகவே தேய்க்கத் தொடங்கியிருந்தார்கள். சுகிர்தா கையுறையைக் கடித்துக்கொண்டாள். கல் ஊர்ந்து வந்து நடுவட்டத்தில் நின்றது. ஒரு புள்ளியில் வென்றார்கள்.

அடுத்த நாளே கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு பிலோமினாவிடம் போனாள். முகத்தில் சந்தோசத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. மூன்று வருடம் வீணாகப் போனதையும், அனுப்பிவிட்ட ஆட்களையும் நினைத்து வழியெல்லாம் புழுங்கியிருந்தாள்.

"ஏழு வருசம் என்ர அணியில இருந்தனீங்கள். உங்களுக்கு இது அப்பவே தெரியும். ஏன் ரீச்சர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

பிலோமினா கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தாள்.

"சொன்னனான் அக்கா. ஒவ்வொரு கல்லுக்கும் சொன்னனான்."