ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்லாத சிப்

தூத்துக்குடி இறால் குளிர்கிடங்கில் மேனேஜர் ஞானதுரை வைத்ததுதான் சட்டம். குளிரை அளந்து முதலாளியின் போனுக்கு அனுப்பும் கருவிக்கு, எலக்ட்ரீசியன் ஜெசிந்தா வைஃபை உள்ளேயே இருக்கும் குட்டி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைத் தேர்ந்தெடுத்தாள்.

"பொம்மை மாதிரி இருக்கு. இதை எப்படி நம்புறது?" என்றார் ஞானதுரை.

பத்தாம் நாள் முதலாளியே வந்துவிட்டார். "மதியம் ரெண்டு மணியானா குளிர் குறையுதே, ஏன்?"

"சிப் பொய் சொல்லுது முதலாளி. அதையும் இவளையும் சேர்த்தே வெளியே அனுப்புங்க!" என்றார் ஞானதுரை.

ஜெசிந்தா பணிவாகச் சொன்னாள்: "சாருக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது பொய் சொல்லல முதலாளி."

முதலாளி விறுவிறுவென்று கிடங்குக் கதவுக்குப் போனார். கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுக்கும் செங்கல், எதிரே தலையணையோடு மேனேஜரின் சாய்வு நாற்காலி.

நாற்காலி வெளியே போனது. மறுநாளே சிப் பொய் சொல்வதை நிறுத்திவிட்டது.