போர்டு இல்லாத பஸ்கள்

கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டதிலிருந்து பஸ் கம்பெனி மேனேஜர் கனகசபாபதிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மைக்கில் அறிவிப்பு சொல்லும் செண்பகவல்லிதான் திண்டாடினாள். முன்பெல்லாம் சாத்தூர், கழுகுமலை என்று ஒவ்வொரு பஸ்ஸின் நேரப் பக்கமும் கம்ப்யூட்டர் திரையின் அடிப்பகுதியில் பேரோடு வரிசையாக நிற்கும். இப்போது பேரெல்லாம் போய், எல்லா நேரப் பக்கங்களும் ஒரே சின்னப் படத்துக்குள் அடைந்து கிடந்தன. அவள் தேடி எடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். ஜனங்கள் அவளைத் திட்டுவார்கள்.

“பேரு எதுக்கும்மா? பார்க்க எவ்வளவு சுத்தமா இருக்கு. மவுஸை மேல வச்சுக் கொஞ்சம் பொறுத்தா தானா பேரு காட்டும். இனிமே ஒரு அறிவிப்பு பிந்தினாலும் உனக்கு வேலை கிடையாது” என்றார் மேனேஜர்.

“சரிங்க சார்” என்றவள், நேரே கண்டக்டர்களிடம் போனாள்.

சாயங்காலம் கழுகுமலையில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிய மேனேஜர் திகைத்து நின்றார். பயணிகள் முன்பே போர்டு பார்த்து ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இப்போது எந்தப் பஸ்ஸிலும் போர்டு இல்லை. எல்லாம் ஒரே பச்சை நிறம். ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வேர்த்துப்போனார்.

“கழுகுமலை வண்டி எதும்மா?” என்று செண்பகவல்லியிடம் ஓடி வந்து கேட்டார்.

“பேரு எதுக்கு சார்? பார்க்க எவ்வளவு சுத்தமா இருக்கு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கொஞ்சம் பொறுத்தீங்கன்னா கண்டக்டரே வந்து சொல்லுவார்.”

அவர் ஒரு வாசலில் பொறுத்து நிற்கும்போதே கழுகுமலை வண்டி அவரைத் தாண்டிப் போனது.

மறுநாளே கம்ப்யூட்டர் ஆள் வந்து, திரையில் பேர்களைத் திரும்ப வரவழைத்தான். அன்று சாயங்காலம் மைக் கணீரென்று ஒலித்தது:

“கழுகுமலை வண்டி மூணாவதா நிக்குது. மேனேஜர் சார் அவசரப்படாம வரலாம்.”